வகுப்பறையில் சமூக நீதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

செப்டம்பர் 17 சமூக நீதி நாள், ஏப்ரல் 14 சமத்துவ நாள். உறுதிமொழி எடுத்து முடித்து வகுப்புக்குள் போன பிறகு என்ன செய்வது என்று கேட்டுத்தான் இந்த முறை பெரும்பாலான கடிதங்கள். எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து, பொறுப்பையும் ஊரையும் மட்டும் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: பிள்ளைகளை ஒரே கோட்டில் நிறுத்தி, ‘அப்பா அம்மா கல்லூரியில் படித்தவர்களா? ஓர் அடி முன்னால் வா’, ‘வீட்டில் கழிவறை இல்லையா? ஓர் அடி பின்னால் போ’ என்று நடக்கவைக்கும் விளையாட்டை வீடியோவில் பார்த்தேன். கடைசியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே பாடம். என் ஒன்பதாம் வகுப்பில் செய்யலாமா?
— சமூக அறிவியல் ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

பதில்: அந்த வடிவத்தில் வேண்டாம். வீட்டில் கழிவறை இல்லை என்பதை நாற்பது பேர் முன்னால் ஒரு பெண் பிள்ளை பின்னால் நகர்ந்து காட்ட வேண்டியிருக்கும். அவளுடைய வீட்டை நாம் பாடமாக்க அவளிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு இதில் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவுமில்லை. தினமும் மறைத்து வைத்திருந்ததை எல்லோருக்கும் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறது. மறுநாள் அதே தெருவில் அதே பிள்ளைகளோடுதான் அது நடக்க வேண்டும்.

நடையை வைத்துக்கொள்ளுங்கள், சொந்த வாழ்க்கையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கற்பனை மனிதரின் அட்டை கொடுத்தால் போதும். நாற்பது பேர் வகுப்பில் 16 பேர் நடக்கட்டும், மற்ற 24 பேர் பக்கவாட்டில் நின்று குறிப்பெடுக்கட்டும். எல்லோரும் நடந்தால் இடிபடுவார்கள், கவனிக்க ஆள் இருக்காது. இடம் மைதானம் அல்லது நீளமான வராண்டா. முன்னால் 14 அடி வைக்க இடம் வேண்டும். நேரம் இரண்டு பாடவேளை. ஒன்றில் முடிக்கப் பார்த்தால் நடை மட்டும் முடியும், பேச்சு நின்றுபோகும். பேச்சு இல்லாத நடையால் பயனில்லை.

அட்டைகள் இப்படி இருக்கலாம்: மாவட்டத் தலைநகரில் வக்கீலின் மகள், 15 வயது. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசா இளைஞர், 19 வயது. சக்கர நாற்காலியில் அலுவலகம் போகும் கணினிப் பொறியாளர், 28 வயது. பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர், 42 வயது. பட்டப்படிப்பு முடித்து வாடகை வீடு தேடும் திருநங்கை, 24 வயது. மளிகைக் கடை முதலாளி, 50 வயது. பெற்றோரின் வேலை, ஊர், தெரு என்று உங்கள் வகுப்பில் இருக்கும் எந்தப் பிள்ளையின் நிலைமையோடும் ஒரு அட்டைகூடப் பொருந்தக் கூடாது. வகுப்பில் தூய்மைப் பணியாளரின் பிள்ளை இருந்தால் அந்த அட்டையே வேண்டாம். முந்தின நாள் இரவு வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகச் சரிபாருங்கள்.

அட்டையை யாருக்கும் காட்டக் கூடாது. கண்ணை மூடச் சொல்லி மெதுவாகக் கேளுங்கள்: நீங்கள் எந்த மாதிரி வீட்டில் இருக்கிறீர்கள்? காலையில் எழுந்ததும் என்ன வேலை? மாதக் கடைசியில் கையில் எவ்வளவு இருக்கும்? எதற்குப் பயப்படுவீர்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு பத்து விநாடி விடுங்கள். இதைத் தாண்டிக் குதித்தால் பிள்ளைகள் அட்டையை மறந்து தங்கள் வாழ்க்கையை வைத்தே அடி எடுத்து வைப்பார்கள்.

பிறகு 14 வாக்கியங்கள். ‘ஆம்’ என்றால் ஓர் அடி முன்னால், இல்லையென்றால் நின்ற இடத்திலேயே. பின்னால் போகும் அடி கிடையாது. ‘இரவு ஒன்பது மணிக்குப் பேருந்து நிலையத்தில் தனியாக நிற்க எனக்குப் பயமில்லை.’ ‘வாடகைக்கு வீடு கேட்டால் என்ன ஆட்கள் என்று கேட்காமல் கொடுப்பார்கள்.’ ‘காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்கப் போனால் உட்காரச் சொல்லிக் கேட்பார்கள்.’ ‘மூன்று படி ஏறிப் போகும் வங்கிக்குள் யார் உதவியும் இல்லாமல் போவேன்.’ ‘ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாலும் வீட்டில் அடுப்பு எரியும்.’ ‘கூட்டத்தில் நான் பேசினால் மற்றவர்கள் நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.’ மற்றவற்றை இதே மாதிரி நீங்களே எழுதிக்கொள்ளலாம். வாக்கியம் ஒரே ஒரு செயலைச் சொல்ல வேண்டும். ‘எனக்கு மரியாதை கிடைக்கிறது’ போன்ற பொதுவான வாக்கியத்துக்கு எல்லோரும் அடி எடுத்து வைத்துவிடுவார்கள்.

இரண்டு இடத்தில் இது கெடும். ஒன்று, பிள்ளைகள் ஓட்டப் பந்தயமாக்கிவிடுவார்கள். எதிரில் சுவரோ கோடோ இருந்தால் அதைத் தொடுவதுதான் வெற்றி என்று தோன்றும், அதனால் திறந்த பக்கமாக நடக்கவிடுங்கள். ‘முதலில்’, ‘கடைசியில்’ என்ற சொற்களையும் தவிருங்கள். இன்னொன்று, திருநங்கை அட்டை வந்த பையன் இடுப்பை வளைத்துக் காட்டுவான், வகுப்பு சிரிக்கும். நடக்கும்போது பேச்சும் நடிப்பும் கூடாது, அட்டை ரகசியம் என்று முன்பே கறாராகச் சொல்லியிருந்தால் இது பெரும்பாலும் நடக்காது. அப்படியும் நடந்தால் நடையை அங்கேயே நிறுத்தி, எல்லோரையும் உட்காரவைத்து, சிரிப்பு எதற்கு வந்தது என்று பேசிவிட்டுத்தான் தொடர வேண்டும். கண்டும் காணாமல் விட்டால் அந்தச் சிரிப்புதான் அன்றைய பாடமாக மனதில் நிற்கும்.

முடிந்ததும் யாரும் நகராமல் நிற்கட்டும். முன்னால் இருப்பவர்களிடம் முதல் கேள்வி: பக்கத்தில் ஆள் இல்லை என்பதை எப்போது கவனித்தீர்கள்? பெரும்பாலும் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்கள். நின்ற இடத்தில் நிற்பவர்களிடம்: எந்த வாக்கியத்தின்போது அதிகமாகக் கோபம் வந்தது? அதன் பிறகு அட்டைகளைப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததும் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பெயரை உரக்கச் சொல்லி அட்டையைப் பெட்டியில் போட வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் செய்யாவிட்டால் அந்த ‘ஒடிசா இளைஞர்’ ஒரு மாதத்துக்குப் பட்டப்பெயராகத் தொடரும்.

இரண்டாவது பாடவேளை முழுக்க ஒரே கேள்வி: பின்னால் நின்ற இந்த மனிதர் ஓர் அடி முன்னால் வர எந்தச் சட்டம், எந்த ஏற்பாடு, யாருடைய நடத்தை மாற வேண்டும்? குறிப்பெடுத்த 24 பேரும் இங்கேதான் பேசுவார்கள். வங்கிப் படிக்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வீட்டு வாடகைக்கு வீட்டுக்காரரின் நடத்தை என்று வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துக் கரும்பலகையில் எழுதுங்கள். பரிதாபத்தில் தொடங்கிய வகுப்பு உரிமையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது இந்தக் கட்டத்தில்தான்.

கேள்வி: அமெரிக்காவில் ஓர் ஆசிரியை கண் நிறத்தை வைத்துப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை உயர்வாகவும் இன்னொன்றைத் தாழ்வாகவும் நடத்திக் காட்டினார் என்று பயிற்சியில் சொன்னார்கள். சட்டை நிறத்தை வைத்து நாமும் செய்தால் நன்றாகப் புரியும் அல்லவா?
— பட்டதாரி ஆசிரியை, கரூர்

பதில்: அயோவா மாநிலத்தின் ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், மூன்றாம் வகுப்பில் செய்தது அது. அந்த வகுப்பில் எல்லோரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். இழிவு என்றால் என்ன என்பதை அதற்கு முன் அனுபவித்திராதவர்கள். அப்படியும் சில பிள்ளைகள் அழுதார்கள், அந்த முறை இன்றுவரை கடும் விமர்சனத்துக்கு உள்ளாகிறது. நம் வகுப்பில் சாதியாலும் நிறத்தாலும் ஏற்கெனவே அடிபட்ட பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை ஆசிரியரே இன்னொரு முறை தாழ்த்திக் காட்டத் தேவையில்லை. செய்யாதீர்கள்.

கேள்வி: நான்காம் வகுப்புக்கு ‘சமம்’, ‘நீதி’ என்பதை எப்படித் தொடங்குவது?
— இடைநிலை ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: காயத்துக்கு மருந்து போடும் விளையாட்டு அந்த வயதுக்குச் சரியாக இருக்கும். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. தலைவலி, முழங்கால் சிராய்ப்பு, வயிற்றுவலி, விரலில் முள் என்று ஏதாவது ஒன்றைப் படமாக வரையச் சொல்லுங்கள். ஒவ்வொருவராக வந்து காட்டும்போது, காயம் எதுவானாலும் நீங்கள் வலது முழங்கையில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டுங்கள். பிளாஸ்திரி வாங்க வேண்டாம். ஓர் அங்குல அகலக் காகிதமும் பசையும் போதும். ஐந்தாறு பேர் போனதும் ‘டீச்சர், எனக்கு வயித்துவலி’ என்று சண்டை தொடங்கும். ‘எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே கொடுத்தேன், அப்புறம் என்ன?’ என்று மட்டும் கேளுங்கள். பதிலை அவர்களே சொல்வார்கள்.

அடுத்து வகுப்பறைக்கு வாருங்கள்: பலகை சரியாகத் தெரியாதவருக்கு என்ன வேண்டும்? மெதுவாக எழுதுபவருக்கு? இங்கே எந்தப் பிள்ளையையும் கையால் சுட்டக் கூடாது. ‘இதோ இவனுக்குக் காது கேட்காதே, அதனால்தான்’ என்று ஆசிரியர் ஆர்வத்தில் சொல்லிவிடுவதுதான் இந்த விளையாட்டில் வழக்கமாக நடக்கும் தப்பு.

வேலிக்குப் பின்னால் வெவ்வேறு உயரமுள்ள மூன்று பேர் பெட்டி மேல் ஏறி விளையாட்டுப் பார்க்கும் படத்தைப் பல பள்ளிச் சுவர்களில் வரைந்திருக்கிறார்கள். அதைக் காட்டினால் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: வேலி எதற்கு? கேட்காமல் விட்டால் குறை குட்டையான பிள்ளையின் உயரத்தில் இருக்கிறது என்று பதிந்துவிடும்.

கேள்வி: ‘குழுவாகப் பிரிந்து உட்காருங்கள்’ என்றால் தெரு தெருவாகப் பிரிந்து உட்காருகிறார்கள். ஆண்கள் தனி, பெண்கள் தனி. கலந்து உட்காரவைத்தால் யாரும் யாரோடும் பேசுவதில்லை.
— அறிவியல் ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் பிள்ளைகள் பேச மாட்டார்கள். பேசாமல் வேலை முடியாது என்ற நிலை வேண்டும். 1971இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில், வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து மோதிக்கொண்டிருந்த சமயம், எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய முறை இதற்குப் பொருந்தும். பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு மட்டும் கொடுப்பார்கள். மற்றவர் சொல்லிக் கொடுத்தால்தான் முழுப் பாடமும் கிடைக்கும்.

முதல் முறைக்குச் சமத்துவ உரிமையையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம். அரசமைப்புச் சட்டத்தில் அது ஐந்து கூறுகள்: 14 சட்டத்தின் முன் சமம், 15 பாகுபாட்டுக்குத் தடை, 16 அரசு வேலையில் சம வாய்ப்பு, 17 தீண்டாமை ஒழிப்பு, 18 பட்டங்கள் ஒழிப்பு. ஐந்து துண்டு, ஐந்து பேர் கொண்ட குழு. ஒவ்வொரு துண்டும் எளிய தமிழில் அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

நாற்பது பேரை வருகைப் பதிவேட்டு அகர வரிசையில் நிற்கவைத்து ஒன்று முதல் எட்டு வரை திரும்பத் திரும்ப எண்ணச் சொல்லுங்கள். ஒரே எண் வந்தவர்கள் ஒரு குழு. எட்டுக் குழு கிடைக்கும். பிள்ளைகள் முன்கூட்டியே கணக்குப் போட்டு இடம் மாறி நிற்பார்கள், அதனால் வரிசையை நீங்களே வாசியுங்கள். ஒரு குழுவில் எல்லோரும் ஆண்களாகவோ ஒரே தெருப் பிள்ளைகளாகவோ விழுந்தால் இரண்டு பேரை மாற்றுங்கள். காரணம் சொல்ல வேண்டாம்.

முதல் பாடவேளையில் பத்து நிமிடம் தனியாகப் படிப்பு. அடுத்து, ஒரே துண்டை வைத்திருப்பவர்கள் ஒன்றுசேர வேண்டும். துண்டுக்கு எட்டுப் பேர் வருவார்கள். எட்டுப் பேரை ஒரே வட்டமாக வைத்தால் மூன்று பேர் பேசுவார்கள், மீதிப் பேர் சும்மா இருப்பார்கள். நான்கு நான்காகப் பிரித்துவிடுங்கள். இருபத்தைந்து நிமிடம் தங்கள் துண்டை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பேசி, ஆளுக்கு ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். இந்த ஒத்திகைதான் முழு முறைக்கும் ஆதாரம். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை இங்கே மூன்று முறை கேட்டு, ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் சொந்தக் குழுவுக்குப் போகும்.

இரண்டாம் பாடவேளையில் பழைய குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு ஐந்து நிமிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். கேட்பவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம், தாளைப் பிடுங்கிப் படிக்கக் கூடாது. கடைசிப் பதினைந்து நிமிடம் எல்லாத் துண்டிலிருந்தும் கேள்வி வைத்துத் தேர்வு. மதிப்பெண் ஆளுக்குத் தனித்தனி. குழு மதிப்பெண் போட்டால் ‘உன்னால்தான் குறைஞ்சது’ என்று மெதுவாகப் படிக்கும் பிள்ளையின் மேல் பாய்வார்கள், எந்தப் பகையைக் குறைக்க வந்தோமோ அது கூடும்.

படிக்கத் தடுமாறும் பிள்ளைக்குத் துண்டை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். ஆள் வராத நாளில் ஐந்துக்கு நான்கு பேர் இருந்தால் அந்தத் துண்டை வேறு குழுவிலிருந்து ஒருவர் வந்து சொல்லட்டும். ஒருமுறை செய்துவிட்டுப் பலனில்லை என்று விடாதீர்கள். முதல் தடவை சத்தமும் குழப்பமுமாகத்தான் இருக்கும். அதே குழுக்களை வாரம் இருமுறை வீதம் ஆறு வாரமாவது வைத்திருங்கள். உங்கள் அறிவியல் பாடத்தையே இப்படி நடத்தலாம். தாவர உறுப்புகள் ஐந்தையும் ஐந்து பேர் சொல்லிக் கொடுக்கும் வகுப்பில் சமூக நீதி என்ற சொல் வர வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: எங்கள் பள்ளியில் சாதியைக் காட்டக் கையில் கலர் கயிறு கட்டும் பிரச்சினை உண்டு. சாதி பற்றி வகுப்பில் பேச்செடுத்தால் வம்பு என்கிறார் தலைமையாசிரியர். பேசாமலிருந்தால் சரியாகிவிடுமா?
— முதுகலை ஆசிரியர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: ஆகாது. வகுப்பில் பேசாததைப் பிள்ளைகள் வெளியில் பேசுகிறார்கள், கயிறு அங்கிருந்துதான் வருகிறது. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டில் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்ற அடையாளங்களுக்குத் தடை, அகர வரிசையில் இருக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இல்லாமை ஆகியவை அதன் பரிந்துரைகளில் உண்டு. தலைமையாசிரியரிடம் பேச இது உங்களுக்குக் கைகொடுக்கும்.

பேசும் முறையில்தான் வம்பு வருகிறது. ‘நம்ம ஊரில் இப்படி நடக்கிறதா? கை தூக்கு’ என்று கேட்கவே கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையின் சாதியும் வெளியே வராமல் பாடம் நடத்த முடியும். தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். சதாராவில் பள்ளிச் சிறுவனாக இருந்த அம்பேத்கர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்கில் தனியாக உட்கார்ந்தார், பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் அவருக்குத் தண்ணீர். அதே அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மகாட் ஊரில், ஒடுக்கப்பட்டவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கானவர்களோடு இறங்கித் தண்ணீர் குடித்தார். அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1924 மார்ச் 30 அன்று, வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்குப் போராட்டம் தொடங்கியது. அதில் பெரியார் இரண்டு முறை சிறை சென்றார். 1948 நவம்பர் 29 அன்று தீண்டாமை ஒழிப்புக் கூறு அரசமைப்பு அவையில் நிறைவேறியது. இந்த நான்கையும் நாள் இல்லாமல் நான்கு சீட்டில் எழுதிக் கொடுத்து, காலவரிசையில் அடுக்கி, ஏன் அப்படி அடுக்கினார்கள் என்று குழுக்களைப் பேசவிடுங்கள். அம்பேத்கரின் பள்ளிப் பருவத்துக்கும் கூறு நிறைவேறியதற்கும் இடையில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு என்று தெரியும்போது வகுப்பு அமைதியாகும்.

அதன் பிறகு கூறு 15இன் இரண்டாம் பிரிவைப் படியுங்கள். கடை, உணவகம், விடுதி, பொழுதுபோக்கிடம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பட்டியல் போட்டிருக்கிறது. ‘இதை எழுதியபோது இல்லாத, இன்று நாம் பயன்படுத்தும் எந்த இடங்களை இதில் சேர்ப்பீர்கள்?’ என்று கேளுங்கள். குடிநீர்ச் சுத்திகரிப்பு மையம், செல்போன் குழு, ஷேர் ஆட்டோ எல்லாம் வரும். தங்கள் ஊரைப் பற்றித்தான் எழுதுகிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் யாரும் யாரையும் சுட்டவில்லை.

பூட்டுப் போட்ட கேள்விப் பெட்டி ஒன்றும் வைத்துவிடுங்கள், சாவி உங்களிடமே இருக்கட்டும். எல்லோரும் எழுதும் நேரத்தில் எல்லோருமே ஒரு சீட்டைப் போட வேண்டும், கேள்வி இல்லாதவர் வெற்றுச் சீட்டு. இல்லாவிட்டால் பெட்டிக்கு அருகே போன பிள்ளை மாட்டிக்கொள்ளும். அடி, மிரட்டல், இழிசொல் பற்றிச் சீட்டு வந்தால் அதை வகுப்பில் படிக்காதீர்கள். அது பாடப்பொருள் அல்ல, புகார். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். பிள்ளைக்கு 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டையும் சொல்லிக் கொடுங்கள். கயிறு கட்டிய பையனைக் காலைக் கூட்டத்தில் நிறுத்தி அறுக்காதீர்கள். மாலையில் அவனை ஊரில் வீரனாக்கிவிடுவார்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசி, அவன் கையாலேயே கழற்றவைத்து, பெற்றோருக்குத் தகவல் கொடுப்பதே வேலை செய்யும்.

கேள்வி: டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாளில் பிள்ளைகள் கண்ணைக் கட்டி நடக்கவைக்கிறோம். நல்ல வரவேற்பு. அடுத்து என்ன செய்யலாம்?
— தலைமையாசிரியர், கடலூர் மாவட்டம்

பதில்: கண்கட்டை விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து. திடீரென்று கண்ணைக் கட்டியவருக்குத் தெரிவது தடுமாற்றமும் பயமும் மட்டும். பார்வையற்ற ஒருவர் பல ஆண்டுகளில் கற்றுக்கொண்ட கைத்திறன், கோல் பிடிக்கும் முறை, ஒலியை வைத்து இடமறிதல் எதுவும் தெரியாது. ‘ஐயோ பாவம்’ என்ற எண்ணத்தோடு பிள்ளை கட்டை அவிழ்க்கிறது.

அதற்குப் பதில் அளவு நாடாவைக் கையில் கொடுங்கள். எட்டாம் வகுப்பு விகிதப் பாடத்தோடு சேர்த்துப் பள்ளியையே அளக்கலாம். ஐந்து பேருக்கு ஒரு ஐந்து மீட்டர் நாடா, ஒரு தாள், ஒரு பென்சில். முதலில் சாய்தளம். அதன் பக்கத்துப் படிகளை எண்ணி, ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்து கூட்டினால் மொத்த ஏற்றம் கிடைக்கும். படி ஒவ்வொன்றும் ஒரே உயரம் என்று நினைத்து ஒன்றை மட்டும் அளந்து பெருக்குவது தப்பு, நம் கட்டடங்களில் கடைசிப் படி வேறுபடும். சாய்தளம் 1:12 என்ற சாய்வைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது, அதாவது ஒரு செ.மீ. ஏற்றத்துக்குக் குறைந்தது 12 செ.மீ. நீளம் வேண்டும். 15 செ.மீ. உயரத்தில் மூன்று படி என்றால் ஏற்றம் 45 செ.மீ., சாய்தளம் 540 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் அது 270 செ.மீ. என்றால் சாய்வு 1:6. சக்கர நாற்காலியைத் தானே தள்ளி ஏறுபவர் பின்னால் கவிழக்கூடும். தள்ளிவிட எப்போதும் ஓர் ஆள் வேண்டும் என்றால் அங்கே சாய்தளம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நாடாவில் சிக்காதவையும் உண்டு. சாய்தளம் சேற்றில் முடிகிறதா? உச்சியில் கதவு வெளிப்பக்கம் திறந்து நாற்காலியை இடிக்கிறதா? இருபுறமும் கைப்பிடி இருக்கிறதா? நடுவில் பைக் நிறுத்துகிறார்களா? மாற்றுத்திறனாளிக் கழிவறையின் சாவி யாரிடம் இருக்கிறது? உள்ளே துடைப்பமும் உடைந்த பெஞ்சும் போட்டுவைத்திருக்கிறார்களா? கதவின் அகலம் 90 செ.மீ. உள்ளதா, உள்ளே நாற்காலி திரும்ப 150 செ.மீ. விட்டத்தில் இடம் உண்டா? வகுப்பறையில் வேறு பட்டியல்: பலகையில் வெயில் அடித்துப் பளபளக்கும் நேரம் எது, எந்த பெஞ்சுக்குத் தெரியவில்லை? ஆசிரியர் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்குப் பாதிப் பாடம் போய்விடும். ஒரு பாடவேளையில் எத்தனை முறை அப்படிப் பேசுகிறார் என்று பிள்ளைகளே எண்ணட்டும். நமக்குச் சங்கடமாக இருந்தாலும் எண்ணட்டும்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை பள்ளியில் இருந்தால், ‘நீ ஏறிக் காட்டு’ என்று சோதனைப் பொருளாக்கக் கூடாது. அளவுக் குழுவில் சேர விருப்பமா என்று தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கண்டதை ஒரு பக்கக் கடிதமாக எழுதிப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் மாணவர்களே கொடுக்கட்டும். மூன்று பகுதி போதும்: இப்போதைய அளவு, இருக்க வேண்டிய அளவு, செலவில்லாமல் இந்த வாரமே செய்யக்கூடியது. பைக்கை நகர்த்தவும் சாவியை வெளியே மாட்டவும் நிதி தேவையில்லை.

கேள்வி: வகுப்பைக் கூட்டுவது பெண் பிள்ளைகள், பெஞ்சு தூக்குவது ஆண் பிள்ளைகள் என்றே ஓடுகிறது.
— ஆசிரியை, ஈரோடு

பதில்: பாடம் நடத்துவதற்கு முன் சுழற்சிப் பட்டியலை ஒட்டுங்கள். கூட்டுதல், தண்ணீர் பிடித்தல், பலகை துடைத்தல், பெஞ்சு நகர்த்தல் நான்கும் வருகை எண் வரிசையில் வாரம் மாற வேண்டும். சாதியாலோ பாலினத்தாலோ ஒருவருக்கும் விலக்கு இல்லை. கழிவறை கழுவும் வேலைக்கு எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது.

அடுத்து 24 கட்டம் போட்ட தாள். வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரின் நேற்றைய நாளைக் கேட்டு மணிக்கு ஒரு கட்டமாக நிரப்பி வர வேண்டும். ‘அம்மாவின் நாள்’ என்று தலைப்பிடாதீர்கள், அம்மா இல்லாத பிள்ளை வகுப்பில் இருக்கலாம். பெயர் எழுதாமல் ஆண், பெண் என்று மட்டும் குறித்துச் சுவரில் ஒட்டி, சம்பளமில்லாத வேலைக் கட்டங்களுக்கு மட்டும் வண்ணமடியுங்கள். 2019ஆம் ஆண்டு இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிட்டார்கள். உங்கள் சுவர்க் கணக்கைப் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள்.

கேள்வி: இந்த ஆண்டு என் வகுப்பில் ஐந்து வடமாநிலப் பிள்ளைகள். தமிழ் தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.
— தொடக்கப் பள்ளி ஆசிரியை, திருப்பூர்

பதில்: ஐந்து பேரையும் ஒரே பெஞ்சிலிருந்து பிரித்து உட்காரவையுங்கள், ஆனால் ஆளுக்கு அருகில் எட்டும் தூரத்தில் தங்கள் மொழிக்காரர் ஒருவர் இருக்கட்டும். துணைக்கு இரண்டு தமிழ்ப் பிள்ளைகள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றம். ஒருவரையே விட்டால் அந்தப் பிள்ளை களைத்துப்போகும், பொறுப்பு தண்டனையாகிவிடும்.

பெயரைச் சரியாக உச்சரிக்க அவர்களிடமே கற்றுக்கொள்ளுங்கள், தமிழாக்கிக் கூப்பிடாதீர்கள். கதவு, பலகை, தண்ணீர், கழிவறை என்று இருபது பொருளுக்கு இரட்டை அட்டை ஒட்டலாம்: தமிழில் ஒன்று, அந்தப் பிள்ளைகள் எழுதிய அவர்கள் மொழியில் ஒன்று. தமிழ்ப் பிள்ளைகளும் அந்த இருபதைக் கற்க வேண்டும். கணக்கைப் பலகையில் போட முதலில் இவர்களைக் கூப்பிடுங்கள், எண்களுக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. ‘இந்தியில ஏதாவது சொல்லு’ என்று வகுப்பைச் சிரிக்கவைக்கக் கூடாது. அவர்கள் ஒடியாவோ வங்காளியோ பேசுபவர்களாக இருக்கலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்க 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதைப் பெற்றோரிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் எப்படி மதிப்பெண் போடுவது? மாற்றம் வந்ததா என்று எப்படித் தெரியும்?
— ஆசிரியப் பயிற்றுநர், கிருஷ்ணகிரி

பதில்: மனப்பான்மைக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் நல்ல கட்டுரை கிடைக்கும், அவ்வளவுதான். கூறு 17 என்ன சொல்கிறது, சாய்வு எவ்வளவு என்பதற்கு மதிப்பெண் போடலாம். மாற்றத்தைப் பார்க்க வேறு இடம் உண்டு. சத்துணவு நேரத்தில் யார் யாரோடு உட்காருகிறார்கள், விளையாட்டில் யாரைக் கடைசியாகச் சேர்க்கிறார்கள் என்று ஆடியில் ஒரு வாரம், மார்கழியில் ஒரு வாரம் குறித்துவையுங்கள்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், அடுத்த மாதம் யார் பக்கத்தில் உட்கார விருப்பம் என்று மூன்று பெயரைத் தனித்தாளில் எழுதச் சொல்லுங்கள். யார் பக்கத்தில் உட்காரப் பிடிக்காது என்று கேட்கவே கூடாது. வீட்டில் உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் பெயர்களை வட்டமாக எழுதி, தேர்ந்தெடுத்தவரிடமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு அம்புக்குறி போடுங்கள். ஓர் அம்புகூட வராத பெயர்கள், தங்களுக்குள்ளேயே அம்பு விட்டுக்கொள்ளும் கூட்டங்கள் இரண்டும் பளிச்சென்று தெரியும். அம்பு வராத பிள்ளையை அடுத்த குழுப் பிரிப்பில் அந்தப் பிள்ளை யார் பெயரை எழுதியதோ அவரோடு சேருங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதவைத்து, அம்பு வராத பெயர் குறைந்திருக்கிறதா, தெருவைத் தாண்டிய அம்பு கூடியிருக்கிறதா என்று எண்ணுங்கள். தாளைச் சக ஆசிரியர்களுக்கோ பெற்றோருக்கோ காட்டக் கூடாது, ஆசிரியர் அறை மேசையில் விடவும் கூடாது. எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு பெயருள்ள தாளைக் கிழித்துவிடுங்கள்.